பாயின்ட்டா, எலக்ட்ரானிக்கா: ஒரே இன்ஜினில் மூன்று இக்னிஷன்கள்

என்னுடையது 1960களில் வந்த நாலு சிலிண்டர் கார். உள்ளே லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிப்யூட்டர், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி ஸ்பார்க்கை அனுப்பும் கருவி. ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டேஜைத் தரும் காயிலின் கரண்டைத் திறந்து மூடும் பாயின்ட், அதே டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் பாயின்ட்டுக்குப் பதிலாக உட்காரும் எலக்ட்ரானிக் மாட்யூல், முழு எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிப்யூட்டர் என மூன்றையும் இந்த ஒரே இன்ஜினில் வருடக்கணக்கில் ஓட்டிவிட்டேன். இப்போது வண்டியில் இருப்பது மாட்யூல். டிக்கியில் ஒரு பாயின்ட் செட், அது பொருந்தும் தட்டோடு சேர்த்து. பழைய கார் வைத்திருப்பவர்கள் கேட்டால் இதையேதான் சொல்வேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனையைக் கீழே சொல்கிறேன்.

பாயின்ட்டைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. 1910ஐ ஒட்டி சார்லஸ் கெட்டரிங் வகுத்த இந்த முறையில்தான் அறுபது வருடத்துக்கும் மேலாகக் கார்கள் ஓடின. அதன் பெரிய குணம், கெடப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடும். ஷாஃப்டோடு சுழன்று பாயின்ட்டைத் திறக்கும் மேடுதான் கேம்; அதில் உரசும் பாயின்ட்டின் குதி தேயத் தேய இடைவெளி குறையும், பாயின்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங், அதாவது ஸ்பார்க் வரும் நேரம், பின்னால் போகும். வண்டி சோம்பலாக இழுக்கும், காலையில் செல்ஃப் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும். அப்போது கேப்பைத் திறந்து, குதி கேமின் உச்சியில் நிற்கும்படி இன்ஜினைத் திருப்பி, 0.015 அங்குல ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தால் போதும். தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு நழுவ வேண்டும். கேமில் துளி கிரீஸ் வைத்தால் குதியின் ஆயுள் கூடும்.

பாயின்ட் முறையில் என்னை நடுவழியில் நிறுத்தியது பாயின்ட் இல்லை, பாயின்ட் திறக்கும்போது அதில் தீப்பொறி எழாமல் அடக்கும் கண்டென்சர். இப்போது வரும் கண்டென்சர்களின் தரம் ஒரே சீராக இல்லை. குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக வேலை செய்யும், சூடேறினதும் மிஸ் அடிக்கும், அப்புறம் நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும், காரணமும் பிடிபடாது. சுழன்று ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் ரோட்டாரிலும் இதே கதை உண்டு. பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்துப் பொருத்திய மலிவான ரோட்டார்களில், ஸ்பார்க் அந்த ரிவெட் வழியாகக் கீழே ஷாஃப்டுக்கே இறங்கிவிடும். ரிவெட் இல்லாத ரோட்டாராகப் பார்த்து வாங்குங்கள்.

மாட்யூலில் குதியும் இல்லை, தேய்மானமும் இல்லை. ஷாஃப்டில் ஒரு காந்த வளையம், எதிரே காந்தத்தை உணரும் ஹால் சென்சார், அவ்வளவுதான். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இது பெரிய நிம்மதி, ஏனென்றால் பாயின்ட்டின் முகத்தில் படலம் படிந்து ஸ்பார்க் வராமல் போகும் பிரச்சினையே கிடையாது. ஆனால் மாட்யூல் கெடும்போது பெரும்பாலும் எச்சரிக்கை தராது. ஓடிக்கொண்டே இருக்கும், சட்டென்று நிற்கும். ரோட்டோரத்தில் அதைச் சரிசெய்யவும் வழியில்லை.

அப்படி அது சாவதற்கு முக்கியமான காரணம் காயில் பொருத்தம். சாதாரண 12 வோல்ட் காயிலின் பிரைமரி சுற்றின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 3 ஓம். கரண்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டரோடு வரும் காயில் சுமார் 1.5 ஓம். இந்த இரண்டாவதை பேலஸ்ட் இல்லாமல் மாட்டினால் கரண்ட் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், எளிய மாட்யூல் அதைத் தாங்காது. மாற்றுவதற்கு முன்னால் மல்ட்டிமீட்டரில் அளந்துவிடுங்கள், மேலே ஒட்டியிருக்கும் லேபிளை மட்டும் நம்ப வேண்டாம். இன்ஜின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டு வைப்பதும் பழைய வகை மாட்யூல்களுக்கு ஆகாது. பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்த பாசிட்டிவ் எர்த் வண்டி என்றால் அதற்கென்றே செய்த மாட்யூல்தான் வாங்க வேண்டும். கரண்ட் வழியாக உணரும் பழைய டாக்கோமீட்டர் இருந்தால், இந்த மாட்யூலோடு ஒத்துப்போகுமா என்று முன்பே விசாரியுங்கள். வெறும் செம்புக் கம்பி பிளக் வயர்களுக்குப் பதில் ரெசிஸ்டன்ஸ் உள்ள வயர் போடுங்கள்.

இப்போது அந்த நிபந்தனை. டிஸ்ட்ரிப்யூட்டர் தேய்ந்திருந்தால் எந்த கிட்டும் அதைக் காப்பாற்றாது. ரோட்டாரைக் கழற்றி ஷாஃப்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் கையிலேயே தெரியும். பாயின்ட் மூடியிருக்கும் கோணத்தை அளக்கும் டுவெல் மீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு. ஐடிலிங்கிலும் 2000 ஆர்பிஎம்மிலும் ரீடிங் 2, 3 டிகிரிக்கு மேல் மாறினால் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அடுத்து, இன்ஜினின் உறிஞ்சலைக் கொண்டு டைமிங்கை மாற்றும் வேக்குவம் குழாயில் வாயை வைத்து உறிஞ்சுங்கள். பாயின்ட் இருக்கும் தட்டு நகர்ந்து, விடும்வரை அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் சவ்வு கிழிந்திருக்கிறது.

யாரும் பார்க்காத இன்னொரு இடம், தட்டிலிருந்து டிஸ்ட்ரிப்யூட்டர் உடலுக்குப் போகும் குட்டி எர்த் வயர். வேக்குவம் தட்டை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் அது வளைகிறது. மேலுறை முழுசாக இருக்கும், உள்ளே இழைகள் அறுந்திருக்கும். ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் மட்டும் மிஸ் அடிக்கிற வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். காயில் மாற்றி, பிளக் மாற்றி, கார்புரேட்டரைப் பிரித்து அலைகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

முழு எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிப்யூட்டர் தேய்மானம் தரும் இந்தத் தலைவலியை ஒரே அடியில் தீர்த்தது. வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை முன்னால் நகர்த்தும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் இல்லை, அந்த நகர்வின் அளவை, அதாவது அட்வான்ஸ் கர்வை, உள்ளேயே தேர்ந்தெடுக்கலாம். மூன்றில் மிக மென்மையாக ஓடியது அதுதான், மறுக்க மாட்டேன். ஆனால் பழைய டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் புது புஷ் போட்டு, ஸ்பிரிங்குகளையும் சரியானவையாக மாற்றி மாட்யூலோடு திரும்ப மாட்டியபோது, அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல் போனது. புதியது பழுதானால் உள்ளே மாற்ற ஒரு பாகமும் கிடையாது, முழுசாகத்தான் மாற்ற வேண்டும். பழைய டிஸ்ட்ரிப்யூட்டர் திருத்த முடியாத நிலையில் இருந்தால் தயங்காமல் புதியதற்குப் போங்கள். திருத்த முடியும் என்றால் திருத்துவதே என் கட்சி.

டிக்கியில் இருக்கும் செட்டைப் பற்றி ஒன்று. வாங்கி வைத்தால் மட்டும் போதாது, வீட்டிலேயே மாட்டி, இடைவெளி வைத்து, இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிப் பார்த்த கண்டென்சராக இருக்க வேண்டும். மாட்யூலில் டைமிங் நிற்கும் இடமும் பாயின்ட்டில் நிற்கும் இடமும் சில டிகிரி வேறுபடும். அதனால் டிஸ்ட்ரிப்யூட்டர் உடலில் இரண்டு கோடு கீறி வைத்திருக்கிறேன், ஒன்றுக்கு வெள்ளை பெயின்ட், இன்னொன்றுக்குச் சிவப்பு. சிவப்பு பாயின்ட்டுக்கு.