கம்பி குத்தி 5 நிமிடத்தில் மண் பரிசோதனை: அந்த அட்டையை நம்பி டோலமைட் மூட்டை இறக்காதீர்கள்

ஈரோடு மாவட்டத்தில் மஞ்சளும் வாழையும் போடுகிற ஊர்களில் நடவுக்கு முன்னால் ஒரு வேன் சுற்றியது. "இலவச மண் பரிசோதனை முகாம்" என்று பேனர். வந்தவர்கள் வயலில் இறங்கி, ஐந்து எஃகு முள் வைத்த கருவி ஒன்றை மண்ணில் குத்தினார்கள். கையிலிருந்த திரையில் எண்கள் வந்தன. அங்கேயே கலரில் ஒரு அட்டை அச்சடித்துக் கொடுத்தார்கள். தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்து மூன்றும் குறைவு, மண் அமிலத்தன்மை, துத்தநாகம் குறைவு, போரான் குறைவு என்று அதில் இருந்தது. பரிகாரமும் வேனுக்குள்ளேயே தயாராக இருந்தது: ஏக்கருக்கு இரண்டு மூட்டை டோலமைட் (மண்ணின் அமிலத்தைக் குறைக்க இடும் சுண்ணாம்பு வகைக் கல் தூள்), கறுப்புக் குருணை நான்கு வாளி, ஒரு லிட்டர் "நுண்ணூட்ட டானிக்", எல்லாம் சேர்த்து 5,400 ரூபாய். போகிற போக்கில், மணிச்சத்து ரொம்பக் கம்மி, மணிச்சத்து மிகுந்த டி.ஏ.பி. உரம் ஒரு மூட்டை கூடப் போடுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வாங்கியவர்களின் அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஒரு தோட்டத்துக்குத் தழை 20, மணி 28, சாம்பல் 70. அடுத்த தோட்டத்துக்கு 30, 42, 105. தண்ணீர் பாயாமல் காய்ந்து கிடந்த ஒரு காட்டுக்கு 4, 6, 14. ஒரு கால்குலேட்டரை எடுத்து வகுத்துப் பாருங்கள். தழை ஒன்று என்றால் மணி 1.4, சாம்பல் 3.5. எல்லா அட்டையிலும் இதே விகிதம்தான். செம்மண் காடு, கரிசல், பத்து வருடமாகக் கோழி எரு கொட்டிய வாழைத் தோட்டம், எதுவானாலும் மாறவில்லை. மண்ணில் இப்படி ஒருக்காலும் அமையாது.

காரணம் எளிது. இந்த வகைக் கருவி தழைச்சத்தையோ மணிச்சத்தையோ அளப்பதே இல்லை. முள்ளுக்கு முள் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை மட்டும் பார்த்து, அந்த ஒரே எண்ணை மூன்று வெவ்வேறு எண்களால் பெருக்கித் திரையில் காட்டுகிறது. ஈரம் கூடினால் மின்சாரம் கூடக் கடக்கும், உப்பு கூடினாலும் அப்படியே. காய்ந்த காட்டுக்கு 4 என்று வந்தது அதனால்தான். சந்தேகம் இருந்தால் வேன்காரர் முன்னாலேயே சோதிக்கலாம். ஒரே மண்ணை இரண்டு டம்ளரில் போட்டு, ஒன்றில் வெறும் தண்ணீரும் இன்னொன்றில் அதே அளவு தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் உப்பும் கலந்து ஊற்றுங்கள். இரண்டிலும் கருவியைக் குத்தச் சொல்லுங்கள். உப்புப் போட்ட டம்ளரில் தழை, மணி, சாம்பல் மூன்றும் எகிறும். சமையல் உப்பில் இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது. துத்தநாகமும் போரானும் அட்டைக்கு எப்படி வந்தன என்று கேட்காதீர்கள். அவற்றுக்கு அந்தக் கருவியில் முள்ளே இல்லை.

இன்னொரு வேடிக்கை. அட்டையில் எண் மட்டும் இருக்கிறது, அலகு இல்லை. மணி 28 என்றால் 28 என்ன? பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்று எடுத்துக்கொண்டால் 2.24-ஆல் பெருக்க ஹெக்டேருக்கு சுமார் 63 கிலோ. ஹெக்டேருக்குக் கிலோ என்றே வைத்தால் 28. ஏக்கருக்குக் கிலோ என்றால் 2.47-ஆல் பெருக்க 69. தமிழ்நாட்டு ஆய்வகங்கள் பின்பற்றும் அளவில் கிடைக்கும் மணிச்சத்து ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே குறைவு, 22-க்கு மேலே அதிகம். ஆக எந்த அலகில் பார்த்தாலும் 28 அதிகம்தான். அட்டை அதைச் சிவப்பில் "குறைவு" என்கிறது. தாங்கள் அச்சடித்த எண்ணையே அவர்கள் படித்துப் பார்க்கவில்லை.

அதைவிட மோசம், மண் அமிலம் என்று சொன்னது. அந்தத் தோட்டத்தில் மண்வெட்டி போட்டால் சுக்கான் கல் இடறும். சுக்கான் என்பதே சுண்ணாம்பு. அட்டையில் பி.எச். 6.2 (7-க்குக் கீழே என்றால் அமிலம், மேலே என்றால் காரம்). சுக்கான் கலந்த மண்ணில் அந்த எண் வர வழியே இல்லை, 7.5-க்கு மேலே, பெரும்பாலும் 8-ஐத் தாண்டித்தான் இருக்கும். இதற்கு ஆய்வகம்கூட வேண்டாம். கையளவு காய்ந்த மண்ணில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விட்டால் புஸ்ஸென்று நுரைக்கும். சுக்கான் கட்டியை உடைத்து, உடைந்த முகத்தில் எலுமிச்சைச் சாறு விட்டாலே சின்னச் சின்னக் குமிழி எழுவதைப் பார்க்கலாம். நுரைக்கிற மண்ணுக்கு டோலமைட்டோ சுண்ணாம்போ எழுதிக் கொடுப்பவரை வயலை விட்டு அனுப்பிவிடலாம். சுண்ணாம்பு இடுவது நீலகிரி போன்ற அமில மண்ணுக்கான வைத்தியம்.

கறுப்புக் குருணை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு பிடியைக் கண்ணாடி டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றி விட்டுவிடுங்கள். தண்ணீர் டீத்தண்ணி நிறத்துக்கு வரும், அடியில் வெளிறிய களிமண் குருணை மிஞ்சும். வாளியின் மேல் எத்தனை சதவீதம் எந்தச் சத்து என்று ஒரு வரி இல்லை, உற்பத்தி தேதி இல்லை, உரிம எண் இல்லை. ரசீதில் "இயற்கை இடுபொருள்" என்று மட்டும் எழுதியிருந்தது.

பிறகு நடந்தது இதுதான். மஞ்சளில் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, நடுவே வெளிறி மஞ்சளித்தன. "தழைச்சத்துப் பற்றாக்குறை" என்று போனிலேயே சொல்லி இன்னொரு டானிக்கைத் தலையில் கட்டினார்கள். தழைச்சத்துக் குறைவு அடி இலையில் தொடங்கும். குருத்தில் தொடங்கினால் முதலில் இரும்பைச் சந்தேகப்பட வேண்டும். அதே நிலத்து மண்ணை முறையாக எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியதில் வந்த முடிவு: பி.எச். 8.3, ஹெக்டேருக்குத் தழை 190 கிலோ, மணி 34 கிலோ, சாம்பல் 410 கிலோ, இரும்பு 2.9 பிபிஎம், துத்தநாகம் 0.9 பிபிஎம். அதாவது தழை குறைவு, மணியும் சாம்பலும் அதிகம். சுண்ணாம்பு மண்ணில் இரும்புக்கு 6.3-உம் துத்தநாகத்துக்கு 1.2-உம் எல்லைக்கோடு என்பதால் இரண்டும் பற்றாக்குறை. தழையும் துத்தநாகமும் குறைவு என்ற இரண்டு மட்டும் அட்டையோடு ஒத்துப்போயின. தமிழ்நாட்டில் கண்ணை மூடிக்கொண்டு அப்படி அச்சடித்தாலும் பாதி நிலத்துக்குப் பொருந்திப் போகும். அதில் கருவிக்குப் பெருமை இல்லை. டோலமைட் அந்தக் கார மண்ணில் கரையாமல் கிடந்தது, நஷ்டம் காசோடு போயிற்று. கூடுதலாகப் போட்ட டி.ஏ.பி.தான் உண்மையான கேடு. ஏற்கெனவே மிகுந்திருக்கும் மணிச்சத்து மேலும் ஏறினால் பயிரைத் துத்தநாகம் எடுக்க விடாது.

உண்மையான பரிசோதனைக்கு ஏன் நேரம் ஆகும் என்று தெரிந்தால் இந்த ஐந்து நிமிட வித்தை எடுபடாது. மண்ணை நிழலில் உலர்த்தி, மரச் சுத்தியலால் தட்டி, 2 மி.மீ. சல்லடையில் சலித்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. மணிச்சத்துக்கு ஓல்சன் முறையில் பி.எச். 8.5 உள்ள சோடியம் பைகார்பனேட் கரைசலில் அரை மணி நேரம் குலுக்க வேண்டும். அமில மண்ணுக்கு இந்த முறை அல்ல, பிரே முறை. சாம்பல் சத்தை அம்மோனியம் அசிடேட்டில் பிரித்துச் சுடர் ஒளிமானியில் பார்க்கிறார்கள். துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசுக்கு டி.டி.பி.ஏ. என்ற ரசாயனக் கரைசலில் குலுக்குவது மட்டுமே இரண்டு மணி நேரம். எனவே யாராவது அட்டை நீட்டினால் இரண்டே கேள்வி கேளுங்கள்: மணிச்சத்தை எந்த முறையில் பார்த்தீர்கள், எண் எந்த அலகில். முறையும் அலகும் இல்லாத அட்டை காய்கறி பில்லுக்குக்கூட ஈடாகாது.

கையில் தூக்கிப் போகிற எல்லாமே ஏமாற்று என்று சொல்லவில்லை. போபாலில் உள்ள இந்திய மண் அறிவியல் நிறுவனம் உருவாக்கிய மிருதாபரிக்ஷக் போன்ற சிறு ஆய்வகப் பெட்டிகள் உண்டு. அவற்றில் தராசு, குலுக்கி, ரசாயனக் கரைசல், நிறத்தை அளக்கும் கருவி எல்லாம் இருக்கும். மண்ணை எடை போட்டுக் கரைசலில் கரைக்காமல் சத்து சொல்கிற கம்பிதான் பிரச்சினை.

ஆய்வகம் சரியாக இருந்தும் முடிவு தப்பாக வருவதுண்டு. தப்பு பெரும்பாலும் மண் எடுத்த விதத்தில். வரப்பு ஓரம், மர நிழல், எருக்குழி இருந்த இடம், வாய்க்கால் பக்கம், மாடு கட்டிய இடம், இவற்றை விட்டுவிடுங்கள். உரம் போட்டுக் கொஞ்ச நாளே ஆகியிருந்தால் எடுக்கவே கூடாது. ஒரே மாதிரி மண்ணும் ஒரே பயிரும் உள்ள நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 முதல் 15 இடத்தில் எடுங்கள். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, ஆங்கில "வி" வடிவில் குழி வெட்டி, உள்ளே உதிர்ந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரு பக்கச் சுவரிலும் மேலிருந்து கீழ் வரை ஒரு அங்குலக் கனத்தில் சீவி எடுக்க வேண்டும். மேல் மண் மட்டும் வந்தால் சத்து கூடுதலாகக் காட்டும். நெல், நிலக்கடலைக்கு ஆழம் 15 செ.மீ.; வாழை, கரும்பு, பருத்தி, மரவள்ளிக்கு 22.5 செ.மீ. தென்னைக்கும் பழ மரங்களுக்கும் 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் மூன்று தனித்தனி மாதிரி.

எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வாளியில் கொட்டிக் கலந்து, தாளில் வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிடுங்கள். அரை கிலோ மிஞ்சும் வரை திரும்பத் திரும்ப இதையே செய்ய வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள தகர வாளி கூடாது, துத்தநாக எண் கெட்டுவிடும். பழைய யூரியா சாக்கில் அள்ளினால் தழைச்சத்து எண் போயிற்று. வெயிலில் காயப் போடுவதும் வேண்டாம். துணிப் பையில் போட்டு, சர்வே எண், முந்தைய பயிர், அடுத்த பயிர், பாசன வசதி எழுதிய சீட்டை வையுங்கள். ஆய்வகத்தின் மேல் நம்பிக்கை இல்லையா? கலந்த மண்ணை இரண்டு பையாக்கி வேறு வேறு பெயரில் கொடுங்கள். இரண்டு முடிவும் ஓரளவு ஒத்து வர வேண்டும்.

2015-இல் தொடங்கிய மத்திய அரசின் மண் வள அட்டைத் திட்டத்தில் வந்த அட்டை உங்களிடம் இருந்தால் ஒரு விஷயம் கவனிக்கவும். அந்தத் திட்டத்தில் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று என்று எடுத்தார்கள். அட்டையில் உங்கள் பெயர் இருந்தாலும் மண் பக்கத்துத் தோட்டத்துடையதாக இருக்கலாம். அதை மோசடி என்று சொல்ல முடியாது, திட்டத்தின் அமைப்பே அப்படி. காசுப் பயிர் போடுகிறவர்கள் அரசு மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ தனியாகக் கொடுத்துப் பார்ப்பது நல்லது. கட்டணம் அந்த ஒரு வாளிக் குருணையின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

ஏற்கெனவே டோலமைட் போட்டவர்கள் பதற வேண்டாம், மேற்கொண்டு போடாமல் நிறுத்தினால் போதும். மணிச்சத்து அதிகம் என்று வந்த நிலத்தில் பரிந்துரை அளவில் கால் பங்கைக் குறையுங்கள். மஞ்சளித்த குருத்துக்கு 100 லிட்டர் தண்ணீரில் 500 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலை நனையத் தெளிக்க வேண்டும். கரைசலைக் கலந்தவுடன் அடித்துவிடுங்கள், வைத்திருந்தால் துருநிறமாகிப் பயனில்லாமல் போகும். இந்த மண்ணில் அன்னபேதியை வேரில் போடுவது வீண், சுண்ணாம்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பிரிக்காத வாளி ஒன்று, அட்டை, ரசீது, பணம் அனுப்பிய விவரம், வேனின் போட்டோ, இவற்றைப் பத்திரப்படுத்துங்கள். வாளியை நீங்களே ஆய்வகத்தில் கொடுத்து வாங்கும் முடிவை விட, 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் உர ஆய்வாளர் எடுக்கும் மாதிரிக்கே நடவடிக்கையில் மதிப்பு. ஆகவே வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பணத்தைத் திரும்பப் பெற மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம்; கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. ஏமாந்தவர்கள் தனித்தனியாக மனு எழுதினாலும், எல்லா அட்டைகளின் நகலையும் ஒவ்வொரு மனுவோடும் இணையுங்கள். ஒரே விகிதம் எல்லாவற்றிலும் இருப்பதுதான் இந்த வழக்கில் வலுவான சான்று.