டாங்கிள் என் கையில், லைசென்ஸ் அவர் கணக்கில்

போன மார்ச்சில் ஒரு ஐலாக் டாங்கிளை (மென்பொருள் லைசென்ஸ்களை வைத்துக்கொள்ளும் யுஎஸ்பி குச்சி), ஒன்பது பிளகின்களோடு (பாட்டு மிக்ஸிங் மென்பொருளுக்குள் ஓடும் குட்டி மென்பொருள்கள்) சேர்த்து 32,000 ரூபாய்க்கு வாங்கினேன். டாங்கிள் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. செகண்ட் ஹேண்டில் பிளகின் வாங்கப் பேரம் பேசிக்கொண்டிருப்பவர்கள், ஜிபே-யைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

விற்றவர் சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் வேலை பார்த்ததாகச் சொன்னார். வெளிநாடு போகிறாராம், எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போகிறாராம். நேரில் போனேன். என் லேப்டாப்பிலேயே டாங்கிளைச் செருகி, கம்ப்ரஸர், ரிவெர்ப் என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். நான் கொண்டுபோயிருந்த ஒரு பாட்டின் மேல் அவற்றைப் போட்டும் கேட்டோம். டீ வேறு வாங்கிக் கொடுத்தார். இதற்குமேல் என்ன சோதனை வேண்டும் என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது.

பெயர் மாற்றத்தைப் பற்றி நான்தான் கேட்டேன். “அதுக்கு ஒவ்வொரு லைசென்ஸுக்கும் டாலர்ல ஃபீஸ் கட்டணும் தம்பி. எதுக்கு வேஸ்ட்? ஐலாக் ஐடியும் பாஸ்வேர்டும் தர்றேன், கணக்கையே நீங்க வெச்சுக்குங்க” என்றார். ஃபீஸ் உண்டு என்பது பொய்யில்லை. ஐலாக்கில் ஒரு லைசென்ஸை இன்னொருவர் கணக்குக்கு மாற்ற 25 டாலர். மிச்சம் பிடிக்கும் ஆசையில் சரி என்றேன்.

டாங்கிளைப் பூட்டின் சாவி என்றே நான் நினைத்திருந்தேன். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். லைசென்ஸ் யார் கணக்கில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். அதை டாங்கிளில் ஆக்டிவேட் செய்துவைக்கலாம், லைசென்ஸ் அனுமதித்தால் கம்ப்யூட்டரிலோ கிளவுடிலோ வைக்கலாம். டாங்கிள் வெறும் தங்கும் இடம். யாருடைய கையில் இருந்தாலும் செருகினால் பிளகின் திறக்கும். அதனால்தான் சாலிகிராமத்தில் எல்லாம் அவ்வளவு அழகாகத் திறந்தது. வீட்டுப் பத்திரம் ஒருவர் பெயரில் இருக்க, சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு குடிபோன கதைதான்.

அப்புறம் நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். என் லேப்டாப்பில் இரண்டே யுஎஸ்பி போர்ட். ஒன்றில் ஆடியோ இன்டர்ஃபேஸ், இன்னொன்றில் ஹார்டு டிஸ்க். டாங்கிளுக்கு இடமில்லை என்று, லைசென்ஸ்களை நிர்வகிக்கும் மென்பொருளான ஐலாக் லைசென்ஸ் மேனேஜரைத் திறந்து, ஒன்பதையும் டாங்கிளிலிருந்து டீஆக்டிவேட் செய்தேன். மூன்றை லேப்டாப்பில் போட்டேன். மீதி ஆறை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கிலேயே விட்டேன். டாங்கிளிலேயே இருந்திருந்தால் தூரத்திலிருந்து அவ்வளவு சுலபமாக அவரால் பிடுங்கியிருக்க முடியாது. என் கையாலேயே எடுத்து அவர் கணக்கில் திருப்பிப் போட்டிருக்கிறேன்!

நான்காம் நாள் பாஸ்வேர்டு தவறு என்றது. மாற்றலாம் என்றால் அதற்கான லிங்க் அவருடைய மெயிலுக்குப் போகிறது. போன் அடித்தேன், இரண்டு நாள் “வண்டி ஓட்டிட்டு இருக்கேன் தம்பி”, மூன்றாம் நாளிலிருந்து ஸ்விட்ச்டு ஆஃப். லேப்டாப்பில் போட்ட மூன்றும் ஜூன் மாதம் வரை உழைத்தன. விண்டோஸைத் திரும்பப் போட்டேன், அதோடு அவையும் போயின.

பிளகின் நிறுவனங்களுக்கு எழுதினேன். பதிவு செய்த பெயரில் இருப்பவர் கேட்டால்தான் எதுவும் செய்ய முடியும் என்றார்கள். எரிச்சலாக இருந்தாலும் அது நியாயம்தான். நாளைக்கு யாரோ ஒருவர் மெயில் அனுப்பினால் என்னுடையதையும் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது அல்லவா? அதில் ஒரு பதில் மட்டும் வயிற்றெரிச்சலைக் கூட்டியது. ஒன்பதில் இரண்டு என்எஃப்ஆர் வகையாம். அதாவது ‘நாட் ஃபார் ரீசேல்’, மறுவிற்பனைக்கு அல்ல என்று கொடுத்தவை. எவ்வளவு ஃபீஸ் கட்டியிருந்தாலும் என் பெயருக்கு மாறியிருக்காது. 1930-க்கு அடித்து சைபர் கிரைமில் புகாரும் பதிந்தேன். பதிவு எண் வந்தது, பணம் வரவில்லை.

இப்போது நண்பர்கள் யாராவது வாங்கப் போனால் விற்பவருடைய லைசென்ஸ் மேனேஜரைத் திறந்து காட்டச் சொல்கிறேன். பிளகின் ஓடுகிறதா என்பது முக்கியமே இல்லை. அந்த லைசென்ஸின் விவரத்தில் மாற்றத்தக்கது என்று இருக்கிறதா, என்எஃப்ஆரா, மாணவர் சலுகையில் வாங்கியதா, மாதச் சந்தாவா என்று பார்க்க வேண்டும். சில நிறுவனங்கள் ஐலாக்கைத் தாண்டித் தங்களுக்கென்று தனி மாற்றப் படிவமும் வைத்திருக்கின்றன. உங்கள் பெயரில் சொந்தமாக ஒரு கணக்கு தொடங்குங்கள், அது இலவசம்தான். லைசென்ஸ் அதற்குள் வந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு முழுப் பணம் கொடுங்கள். ஐடி, பாஸ்வேர்டு தருகிறேன் என்று சொல்பவரிடம் டீ கூடக் குடிக்காதீர்கள்.

இன்னொன்று. கியூபேஸ் என்ற இசைப்பதிவு மென்பொருளின் பழைய பதிப்புகளுக்கான யுஎஸ்பி இலைசென்ஸர் (ஐலாக் போன்ற இன்னொரு லைசென்ஸ் முறை) டாங்கிள்கள் இப்போது மலிவாகக் கிடைப்பதாகக் காதில் விழுகிறது. கியூபேஸ் 2022-இல் வந்த 12-ஆம் பதிப்பிலேயே டாங்கிளை விட்டுவிட்டது. இலைசென்ஸர் சேவையும் 2025 மே 20-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதை மேம்படுத்திக்கொள்ளலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள்.

போன வாரம் ஒரு விற்பனைக் குழுவில் அதே ஒன்பது பெயர்கள், அதே வரிசையில் வந்திருந்தன. விலை 28,000. “டாங்கிள் தேவையில்லை, கிளவுடிலேயே தருகிறேன்” என்று கீழே ஒரு வரி. ‘அண்ணே, டாங்கிள் என்கிட்டதான் இருக்கு’ என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் விளம்பரத்தையே காணோம்.