ஆன்லைனில் ஆர்டர் போட்ட பாடப்புத்தகம் வராவிட்டால்: பல செமஸ்டர் அனுபவத்திலிருந்து

ஆன்லைனில் பாடப்புத்தகம் வாங்குவது பெரும்பாலும் நல்லபடியாகவே முடிகிறது. முடியாதபோதுதான் சிக்கல். வராத புத்தகத்தை "வராது" என்று யாரும் சொல்வதில்லை; "இன்னும் இரண்டு நாள் பொறுங்கள்" என்பார்கள். இப்படி இரண்டிரண்டு நாளாகப் போவதில் பணத்தைத் திரும்பக் கேட்கும் கெடுவும் போய்விடும். சண்டை போடுவதைவிடத் தேதிகளைக் கையில் வைத்திருப்பதே இதில் பலன் தருகிறது.

முதல் வேலை ஆர்டர் போட்ட அன்றே இருக்கிறது. "இந்தத் தேதிக்குள் வரும்" என்று காட்டும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தாமதமானால் அதே பக்கத்தில் தேதி சத்தமில்லாமல் மாறிவிடும், பழைய தேதிக்கு வேறு சாட்சி இருக்காது. கூடவே விற்பவர் யார், அனுப்புபவர் யார் என்ற இரண்டு வரிகளையும் பாருங்கள். தளமே விற்று தளமே அனுப்பினால் அநேகமாக ஒரு சாட்டில் காரியம் முடியும். தளத்தில் கடை விரித்திருக்கும் மூன்றாம் நபர் தானே அனுப்புகிறார் என்றால் முதலில் அவரிடம் கேட்டு, அவர் பதில் தர வேண்டிய கெடு முடிந்த பிறகுதான் தளம் தலையிடும்.

பாடப்புத்தகத்தில் இந்தத் தொல்லை அதிகம் வரக் காரணம் உண்டு. கையில் பிரதியே இல்லாமல் விற்பனைக்குப் போடும் விற்பனையாளர்கள் பலர். ஆர்டர் வந்த பிறகு மொத்த வியாபாரியிடம் வாங்கி அனுப்புவது அவர்கள் கணக்கு. வகுப்பு தொடங்கும் வாரத்தில் எல்லோரும் ஒரே புத்தகத்தைக் கேட்பதால் மொத்த வியாபாரியிடமும் இருப்பு தீர்ந்துவிடுகிறது. அனுப்ப வேண்டிய நாள் தவறினால் தளத்தில் மதிப்பெண் குறையுமே என்று அவர்கள் பொட்டலத்தில் ஒட்டும் முகவரி லேபிளை மட்டும் உருவாக்கி, டிராக்கிங் எண்ணைப் பதிவேற்றிவிடுவார்கள். "லேபிள் உருவாக்கப்பட்டது" அல்லது "தகவல் பெறப்பட்டது" என்பதோடு டிராக்கிங் நாள்கணக்கில் நின்றால், பொட்டலம் இன்னும் கூரியரின் கைக்கே போகவில்லை. கூரியர் அலுவலகத்துக்குப் போன் போடுவது வீண். கேள்வி கேட்க வேண்டியது விற்பவரிடம். ஒரு முறையாவது ஸ்கேன் ஆகி நடுவழியில் நின்றிருந்தால் மட்டும் கூரியர் பக்கம் போகலாம். அப்போதும் தொலைந்த பொட்டலத்துக்கான கோரிக்கையைப் பொதுவாக அனுப்பியவர்தான் பதிய வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் வருகிறதென்றால் எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பும் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து: இதுதான் சர்வதேச அஞ்சல் ஒன்றியத்தின் எஸ்10 வடிவம். முதல் எழுத்து 'ஆர்' என்றால் பதிவு அஞ்சல், 'இ' என்றால் விரைவு அஞ்சல், 'சி' என்றால் பார்சல். 'யு'வில் தொடங்கினால் அது வழியெங்கும் ஸ்கேன் ஆகும் என்ற உறுதியில்லாத சாதாரண அஞ்சல். நாடு விட்டபின் அது திரையில் அசையவே இல்லை என்பதை மட்டும் வைத்துத் தொலைந்துவிட்டதாக முடிவு கட்ட முடியாது.

எரிச்சல் தரும் வகை இன்னொன்று: திரையில் "டெலிவரி ஆனது", கையில் ஒன்றுமில்லை. விடுதி முகவரி என்றால் முதலில் பார்சல் வாங்கி வைக்கும் அறையின் பதிவேட்டைப் பாருங்கள். அறை எண் விட்டுப்போனதாலோ, ஆர்டரில் செல்லப்பெயர் இருந்ததாலோ பொட்டலம் அங்கேயே கிடக்கும். வீடு என்றால் அக்கம்பக்கத்திலும் காவலாளியிடமும் கேளுங்கள். ஓரிரு நாள் முன்கூட்டியே "டெலிவரி" என்று ஸ்கேன் செய்துவிடும் ஊழியர்களும் உண்டு. அதற்கு மேலும் வரவில்லையென்றால் கூரியரிடம் டெலிவரி சான்று கேளுங்கள்: கையொப்பம், புகைப்படம், பதிவான எடை. எடையை விட்டுவிடாதீர்கள். கெட்டி அட்டைப் பாடப்புத்தகம் ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும். பதிவில் 50 கிராம் என்றிருந்தால் போனது புத்தகமே அல்ல. அதே அஞ்சல் குறியீட்டுக்குள் வேறொரு முகவரிக்கு வெறும் உறையை அனுப்பி "டெலிவரி" என்ற சொல்லை மட்டும் சம்பாதிக்கும் மோசடி இது. கூரியர் அந்த இன்னொரு முகவரியைச் சொல்ல மாட்டார்கள். "உங்கள் முகவரிக்கு வந்ததல்ல" என்று எழுத்தில் கொடுத்தாலே போதும்.

விற்பவரோடு பேசுவதெல்லாம் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். தொலைபேசியில் பேசியதற்குப் பதிவு இல்லை. திட்டுவதும் வேண்டாம், கெஞ்சுவதும் வேண்டாம். இந்த அளவுக்கு எழுதினால் போதும்: "ஆர்டர் எண் இது. இன்ன தேதிக்குள் வர வேண்டிய புத்தகம் இதுவரை வரவில்லை. டிராக்கிங் லேபிள் நிலையிலேயே நிற்கிறது. மூன்று நாளுக்குள் கூரியரிடம் ஒப்படைத்த ரசீதை அனுப்புங்கள். இல்லையென்றால் முழுத் தொகையையும் செலுத்திய வழியிலேயே திருப்புங்கள்." புதுப் பிரதி அனுப்புகிறோம் என்று பதில் வந்தால் சரி என்று சொல்லலாம், ஆனால் புகார் கெடு முடிவதற்குள் அது வந்து சேருமா என்று நாட்காட்டியைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். "முதலில் புகாரை மூடுங்கள், பணம் போடுகிறோம்" என்றால் கூடவே கூடாது. உதாரணமாக, பேபால் என்ற இணையப் பணச் சேவையில் மூடிய புகாரை மறுபடி திறக்க முடியாது.

பேபாலில் பணம் கட்டியிருந்தால் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் தகராறு பதியலாம். தகராறு என்பது விற்பவரோடு பேசும் கட்டம்தான்; பதிந்தபின் 20 நாளுக்குள் அதை பேபாலே முடிவு சொல்லும் கோரிக்கையாக மேலே கொண்டுபோகாவிட்டால் தானாக மூடிக்கொள்ளும். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். விசா, மாஸ்டர்கார்டு அட்டை என்றால் "பொருள் வந்து சேரவில்லை" என்று வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்கலாம், அதாவது கட்டிய பணத்தை விற்பவரிடமிருந்து வங்கி வழியாகவே திரும்பப் பெறலாம். விசாவில் இதற்கான காரணக் குறி 13.1, பொருள் வந்திருக்க வேண்டிய கடைசி நாளிலிருந்து பொதுவாக 120 நாள் அவகாசம். வங்கிகள் இதைவிடக் குறுகிய கெடுவும் வைத்திருக்கும் என்பதால் கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட், செய்திகள், டிராக்கிங் பக்கம், எடைச் சான்று எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கொடுங்கள். தளத்தில் புகார் நடக்கும்போதே வங்கிக்கும் போனால் பெரும்பாலும் தளத்தின் புகார் மூடப்படும், அதனால் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதே நல்லது. நேரடி வங்கிப் பரிமாற்றத்தில் கட்டிய பணத்துக்கு சார்ஜ்பேக் கிடையாது. அறிமுகமில்லாத விற்பனையாளருக்கு அப்படிக் கட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இதற்கிடையில் பாடம் நிற்காது. நூலகத்தில் முந்தைய பதிப்பு கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பாடப்பகுதி பெரும்பாலும் அப்படியே இருக்கும். பயிற்சிக் கணக்குகளின் எண்கள்தான் மாறும், அதைப் புதுப் பதிப்பு வைத்திருப்பவரிடம் ஒரு படம் எடுத்து வாங்கினால் சரியாகிவிடும். அவசரத்தில் இரண்டாம் பிரதி வாங்கினால் ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாக உள்ள 13 இலக்க அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை ஒப்பிட்டு வாங்குங்கள். சர்வதேசப் பதிப்புக்கும் மின்னூலுக்கும் எண் வேறு. இணையப் பாடப்பகுதியைத் திறக்கும் சுரண்டல் குறியீடு கூட வருகிறதென்றால் சுரண்டிவிட்ட பிறகு அந்தப் புத்தகத்தை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எந்தப் பிரதியை வைத்துக்கொள்வது என்று முடிவாகும் வரை சுரண்டாமல் வைத்திருங்கள்.

"பணம் போட்டாயிற்று" என்ற செய்தி வந்து பத்து வேலைநாள் கழிந்தும் கணக்கில் ஏறவில்லையென்றால், விற்பவரிடமோ தளத்திடமோ அட்டைப் பரிவர்த்தனைக்கு உரிய ஏஆர்என் என்ற 23 இலக்கக் குறிப்பு எண்ணைக் கேளுங்கள். அதை வைத்து உங்கள் வங்கி பணம் எங்கே நிற்கிறது என்று தேடிச் சொல்லும். அந்த எண்ணைத் தர மறுத்து மழுப்பினால் பணம் இன்னும் கிளம்பவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ரீஃபண்ட் வந்தபிறகு தொலைந்த புத்தகமும் வாசலுக்கு வந்தால் பிரிக்காமல், வாங்க மறுப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். அதையும் அதே செய்திப் பெட்டியில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.