பேமென்ட் நோட்டில் 'டின்னர்' என்று போடச் சொன்னால் உஷார்

டல்லாஸ் பக்கத்திலிருந்து லேக் ஃபோர்க் ஏரிக்கு கிராப்பி மீன் பிடிக்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன ஜனவரியில் எனக்கு நடந்தது.

அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். தாமிரபரணியில் மண்புழு கோத்துத் தூண்டில் போட்டே வளர்ந்தவர். இங்கே குளிருக்குப் பயந்து நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சரி, ஒருநாள் ஏரிக்குக் கூட்டிப்போவோம் என்று ஃபேஸ்புக்கில் தேடி ஒரு கைடைப் பிடித்தேன். ஆறு மணி நேரம், இரண்டு பேர், 400 டாலர், முழுப் பணமும் முன்கூட்டியே. "லைசென்ஸ் எடுக்கணுமா?" என்று கேட்டேன். "என் லைசென்ஸே படகில் இருக்கிற எல்லாருக்கும் செல்லும்" என்றான். போனில் பணம் அனுப்பும்போது, எதற்கு என்று குறிப்பு எழுதும் இடத்தில் 'டின்னர்' என்று போடச் சொன்னான். ஏதோ வரி விவகாரம் போல என்று நினைத்து நானும் போட்டேன்.

படகில் சோனார் திரை இருந்தது. ஆழத்தில் மூழ்கிக் கிடக்கும் மரக்கிளைகளைச் சுற்றி மீன்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. அதற்கு நேர் மேலே படகை நிறுத்தி, ஜிக்கை, அதாவது எடை கோத்த தூண்டில் முள்ளை, செங்குத்தாக இறக்க வேண்டும், அவ்வளவுதான். "என்னல, டிவி பாத்துல்லா மீன் பிடிக்கான்" என்று அப்பா சிரித்தார். கிராப்பிக்கு வாய் காகிதம் மாதிரி மெல்லிசு. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். முதல் இரண்டைத் தவறவிட்டதுமே அப்பாவுக்குக் கை பழகிவிட்டது. எனக்குக் கடைசி வரை பழகவில்லை.

10 அங்குலத்துக்குக் குறைந்ததையெல்லாம் தண்ணீரில் விடச் சொன்னான் கைடு. விட்டுக்கொண்டே இருந்தோம். கொஞ்ச நேரத்தில் அப்பா தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு, படகோரமாகக் குனிந்து பார்த்தார்.

"ஏலே, விட்டதெல்லாம் செத்து மிதக்குல்லா."

ஏழெட்டு வெள்ளை வயிறுகள். ஒன்றுக்கு இரைப்பையே வாய் வழியாகப் பிதுங்கியிருந்தது. இன்னொன்று வாலை அடித்து அடித்து உள்ளே போகப் பார்த்தது, முடியவில்லை. கைடைக் கேட்டால், "கொக்கு தின்னும், விடுங்க" என்றான்.

அன்று ராத்திரி டெக்சஸ் மீன்பிடி விதிகளை எடுத்துப் படித்தபோதுதான் புரிந்தது. குளிர்காலத்தில் கிராப்பி ஆழத்துக்குப் போய்விடும். அங்கிருந்து மேலே இழுத்ததும் அதன் காற்றுப்பை உப்பிவிடும், திரும்ப விட்டாலும் பிழைப்பது அரிது. அதனால்தான் டிசம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை லேக் ஃபோர்க்கில் கிராப்பிக்கு அளவுக் கட்டுப்பாடே கிடையாது. பிடித்தது எவ்வளவு சின்னதானாலும் வைத்துக்கொள்ள வேண்டும், ஆளுக்கு 25 ஆனதும் தூண்டிலைச் சுருட்ட வேண்டும். 10 அங்குலக் கணக்கெல்லாம் மற்ற மாதங்களுக்கு. கைடு என்று சொல்லிக்கொள்கிறவனுக்கு இது தெரியாதா?

நாலு மணி நேரத்திலேயே "காற்று ஏறுது" என்று கரைக்குத் திருப்பிவிட்டான். எனக்குத் தெரிந்து இலைகூட அசையவில்லை. படகை ஏற்றும் இடத்தில் கேம் வார்டன், மீன்பிடி விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரி, நின்றிருந்தார். லைசென்ஸ் கேட்டார். கைடு தன்னுடைய சாதாரண மீன்பிடி லைசென்ஸை மட்டும் நீட்டிவிட்டு, எங்களைக் காட்டிச் சொன்னான்: "இவங்க என் ஃபிரெண்ட்ஸ். சும்மா கூட வந்தாங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காசு வாங்கிக்கொண்டு மீன் பிடிக்கக் கூட்டிப்போகிறவனுக்குத் தனியாக கைடு லைசென்ஸ் வேண்டும். அது அவனிடம் இல்லை. "400 டாலர் கொடுத்தேன் சார்" என்று போனை எடுத்து நீட்டினேன். வார்டன் பார்த்தார். 'டின்னர்' என்று இருந்தது, நானே என் கையால் டைப் செய்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அதற்கு அபராதமே தேவலை.

அபராதமும் வந்தது, எனக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. கைடு லைசென்ஸ் யாருக்கும் குடையாகாது, தூண்டில் பிடிக்கிற ஒவ்வொருவருக்கும் சொந்த லைசென்ஸ் வேண்டும். டெக்சஸில் குடியிருப்பவருக்கு ஒருநாள் லைசென்ஸ் 11 டாலர், வெளியாளுக்கு 16. ஆக 27 டாலரில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். வயதானவர் என்ற சலுகையும் விசாவில் வந்த அப்பாவுக்குக் கிடையாது. செத்து மிதந்த மீன்களைப் பற்றி வார்டன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, அதை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

காரில் வரும்போது அப்பா ஒன்றும் பேசவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, "அந்த சீட்டுல எம் பேர சரியாத்தான் எழுதிருக்கானா பாரு" என்றார்.

அப்புறம் அந்த ஆளுக்கு எத்தனையோ தடவை போன் செய்துவிட்டேன், எடுக்கவே இல்லை. விளம்பரம் மட்டும் வேறு பெயரில் திரும்ப வந்திருக்கிறது, அதே படத்தோடு. 'போன வாரம் பிடித்தது' என்று ஜனவரியில் போட்ட படம். உற்றுப் பார்த்தால் பின்னால் மரமெல்லாம் பச்சைப்பசேல், மீனைத் தூக்கிப் பிடித்திருக்கிறவர் அரைக்கால் சட்டையில் நிற்கிறார்.