அப்பளக் கடைக்கு எந்த இணையக் கடை?

மதுரை சிந்தாமணிப் பகுதியில் வீட்டிலேயே உளுந்து அப்பளமும் கூழ் வத்தலும் போட்டு விற்கும் ஒரு குடும்பத்தார், தங்கள் பழைய இணையக் கடையைத் திருத்தியமைக்க வேண்டும் என்று யோசனை கேட்டனர். மாதச் சந்தாவில் இயங்கும் ஷாப்பிஃபை, இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் மீது நிறுவிக்கொள்ளும் வூகாமர்ஸ், வாட்ஸ்அப் பிசினஸ் செயலியின் கேட்டலாக் (பொருள் பட்டியல்) ஆகிய மூன்றும் அவர்கள் முன் இருந்தன. பழைய தளம் பார்க்க நன்றாகவே இருந்தது. ஐப்பசி அடைமழையில் அப்பளம் காயாமல் கிடந்த நாட்களிலும் அது ஆர்டரும் பணமும் வாங்கிக்கொண்டே இருந்ததுதான் சிக்கல். ஆகவே, இருப்பைத் தானாகக் கழித்து, தீர்ந்ததும் விற்பனையை நிறுத்துவதையே முதல் அளவுகோலாகக் கொண்டேன்.

இந்த இடத்திலேயே வாட்ஸ்அப் பின்தங்கிவிடுகிறது. அதில் கட்டணம் இல்லை, பழகிய வாடிக்கையாளருக்கு எளிது. ஆனால் எத்தனை கட்டு மீதமிருக்கிறது என்று அது கணக்கு வைத்துக்கொள்ளாது. மற்ற இரண்டும் வைத்துக்கொள்ளும்.

செலவில் வூகாமர்ஸே முந்துகிறது. மென்பொருள் இலவசம், ஹோஸ்டிங்குக்கும் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடம்) டொமைனுக்கும் (தளத்தின் இணைய முகவரி) ஆண்டுக்கொரு முறை கட்டினால் போதும். ஷாப்பிஃபையின் சொந்தப் பேமெண்ட் சேவை இந்தியாவில் கிடைக்காததால், வேறு கேட்வே (இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் சேவை) வழியாகப் பணம் பெறும்போது அடிப்படைத் திட்டத்தில் 2 சதவீதம் தனியாகப் பிடிக்கப்படுகிறது. கேட்வேக்காரர் 2 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் எடுப்பதாக வைத்துக்கொண்டால், 500 ரூபாய் ஆர்டரில் ஏறக்குறைய 22 ரூபாய் போய்விடும். லாபம் குறைவான அப்பளத்துக்கு இது சிறு தொகையன்று.

கூரியர் கட்டணத்தில் நிலைமை மாறுகிறது. அப்பளம் எடை குறைந்தது, இடத்தை அடைப்பது, நொறுங்குவது. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து எடையைக் கணக்கிடும் கூரியரில், 30, 30, 20 சென்டிமீட்டர் பெட்டிக்குள் ஒரு கிலோ அப்பளமே இருந்தாலும் 3.6 கிலோவுக்குக் கட்டணம் கட்ட நேரிடும். எனவே உண்மை எடைக்குப் பதிலாக இந்தக் கணக்கு எடையைப் பொருளுக்குப் பதிந்துவிடுவது நல்லது. ஷாப்பிஃபையில் எடைவாரியாகக் கட்டணம் வைக்கும் வசதி கூடவே இருக்கிறது. வூகாமர்ஸில் அதற்குத் தனி பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) தேடவேண்டும், இல்லையேல் பொருட்களை அனுப்பும் கட்டணத்துக்கேற்பப் பிரிக்கும் ஷிப்பிங் வகுப்புகளை வைத்துச் சமாளிக்கவேண்டும்.

நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் முகவரி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவற்றைப் பொருள் பக்கத்தில் காட்டுவதில் இரண்டுக்கும் வேறுபாடில்லை.

இத்தனைக்கும் பிறகு நான் ஷாப்பிஃபையையே பரிந்துரைத்தேன். வூகாமர்ஸில் அப்டேட், பேக்கப், பிளகின் பழுது எல்லாம் உரிமையாளர் தலையில் விழும். தீபாவளிக்கு முந்தைய வாரம் தளம் முடங்கினால் எழுப்பிக் கொடுக்க அந்த வீட்டில் ஆளில்லை. பழைய தளத்தின் கடவுச்சொல்கூட அதை அமைத்தவரிடம்தான் இருந்தது. ஆண்டு ஒப்பந்தத்தில் பராமரிக்க நம்பகமான ஒருவர் உள்ளூரில் கிடைத்திருந்தால் வூகாமர்ஸ் என்றே சொல்லியிருப்பேன். எதைத் தேர்ந்தாலும் முதலில் டொமைனைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னேன்.

வாட்ஸ்அப்பை மூடிவிட வேண்டியதில்லை. உள்ளூர்க்காரர்கள் அதில் கேட்டு, யுபிஐயில் நேராகச் செலுத்தட்டும். அந்த ஆர்டரை ஷாப்பிஃபை செயலியில் கையால் பதிந்தால் மேற்சொன்ன கூடுதல் 2 சதவீதம் விழாது, இருப்பும் ஒரே கணக்கில் குறையும். மழைக்காலத்தில் இதைப் பதிய மறந்தால் மட்டும் பழைய தொல்லை திரும்பிவிடும் என்பதால், ஆர்டரைப் பதிந்த பிறகே அப்பளக் கட்டுகளை அலமாரியிலிருந்து எடுப்பது என்று வீட்டாரிடம் பேசி முடிவு செய்தோம்.