கால் நீட்ட வெளிக் கம்பியா, உள் கம்பியா? நாகர்கோவிலில் விசாரித்தது

தக்கலையில் இருக்கும் அக்கா மகனுக்கு பைக் விபத்தில் உடைந்த இடது தொடை எலும்பு நாலு சென்டிமீட்டர் குறைந்துதான் சேர்ந்தது. செருப்புக்கு அடியில் ரப்பர் ஒட்டி நடக்கிறான். துபாயிலிருந்து லீவுக்கு வந்ததும் அவனை நாகர்கோவிலில் ஒரு எலும்பு மருத்துவரிடம் கூட்டிப் போனேன். காத்திருப்பு மதியம் வரை நீண்டது. ஆனால் உள்ளே போனபிறகு அவர் அவசரப்படவே இல்லை, எக்ஸ்ரேயில் விரல் வைத்து விளக்கினார்.

காலை நீட்ட வெளிக் கம்பி, உள் கம்பி என்று இரண்டு முறை; இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். எலும்பை வெட்டி நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் விலக்கினால் இடைவெளியில் புது எலும்பு வளரும். சோவியத் ரஷ்யாவின் குர்கானில் 1950களில் இலிசாரோவ் என்ற எலும்பு மருத்துவர் வளர்த்தெடுத்த வழி இது. அவர் முறையில் கம்பிகள் தோலைத் துளைத்து எலும்பில் நிற்கும், வெளியே வளையம் பிடித்திருக்கும். நட்டைக் கால் மில்லிமீட்டர் வீதம் தினமும் நாலு தடவை திருக வேண்டும். நாற்பது நாளில் நீட்டி முடித்தாலும் வளையம் கழலாது. புது எலும்பு கெட்டியாக இன்னும் சில மாதம் ஆகும். அதுவரை கம்பி நுழையும் இடங்களைச் சுத்தமாக வைக்காவிட்டால் சீழ் பிடிக்கும்.

உள் முறையில் எலும்பின் நடுவே இருக்கும் மஜ்ஜைக் குழிக்குள் காந்தம் வைத்த கம்பி போகிறது. வெளியிலிருந்து ஒரு கருவியைத் தொடைமேல் வைத்து இயக்கினால் அது நீளும். தொடைச் சதையில் கம்பி குத்தி நிற்காததால் முட்டி மடக்குவது எளிது. விலையோ பல மடங்கு. எலும்பு உறுதியாகும்வரை முழு எடை ஊன்றக் கூடாது, பிறகு கம்பியை எடுக்க இன்னொரு ஆபரேஷன்.

எங்கள் மனசெல்லாம் உள் கம்பியில்தான் இருந்தது. மருத்துவரோ, "தம்பி, அடிபட்டப்போ எலும்பு வெளியே தெரிஞ்சுதா? சீழ் வடிஞ்சுதா?" என்று கேட்டார். வடிந்தது, மாதக்கணக்கில். பழைய கிருமி தங்கியிருந்தால் குழிக்குள் போகும் கம்பி அதை எலும்பு நெடுகப் பரப்பிவிடும் என்றார். அதனால் முதலில் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை. கிருமி இருந்தால் அதை ஒழித்தபிறகுதான் மற்ற பேச்சு, அப்போதும் வளையமே நல்லது என்றார். முன்பு போனில் விசாரித்த ஒரு தனியார் மருத்துவமனை இதைக் கேட்கவே இல்லை. கம்பி விலையும் முன்பணமும் மட்டும்தான் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை வந்தது இந்தக் கேள்வியால்தான்.

அக்காவுக்கு வேறு கவலை. "யாரு டெய்லி கூட்டிட்டுப் போவா?" நியாயமான கேள்வி. நீட்டும் காலம் முழுக்க பிசியோதெரபி வேண்டும், விட்டால் முட்டி விறைத்துவிடும். அந்தக் காலோடு தினமும் பஸ்ஸில் போய்வர முடியாது. எந்த முறையானாலும் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்க தக்கலையில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் பேசி வைத்திருக்கிறேன்.