ஊருக்குப் போன 3 வாரம்: சனி ஞாயிறும் லீவா?

சிங்கப்பூரில் என்னோடு தங்கியிருக்கும் ரூம்மேட் தங்கச்சி கல்யாணத்துக்காக 3 வாரம் ஊருக்குப் போய் வந்தார். வருட விடுப்பு ஏற்கெனவே காலி, அதனால் மொத்தமும் சம்பளமில்லா விடுப்பு. திங்களில் ஆரம்பித்து மூன்றாவது வெள்ளியோடு முடிவதால் 15 நாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். சம்பளச் சீட்டில் 19 நாள் பிடித்திருந்தது. "ஊர்ல இருக்கிறவனுக்கு என்னப்பா ஓஃப் டே?" என்றார்களாம் ஆபீஸில்.

இதில் ரெண்டு கணக்கு உண்டு. காலண்டர் கணக்கில் சம்பளத்தை மாதத்தின் 30 நாளாலும் வகுத்து, நடுவில் வரும் சனி ஞாயிறையும் லீவில் சேர்ப்பார்கள். வேலை நாள் கணக்கில் அந்த மாதத்து வேலை நாட்களால் மட்டும் வகுத்து, ஓய்வு நாளைத் தொடவே மாட்டார்கள். அவர் சம்பளம் 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அந்த மாதம் 22 வேலை நாள். முதல் கணக்குப்படி நாளுக்கு 110 வெள்ளி, 19 நாளுக்கு 2,090 போனால் கையில் 1,210. இரண்டாவதில் நாளுக்கு 150, 15 நாளுக்கு 2,250 போக 1,050 மிஞ்சும். அதாவது சனி ஞாயிறைச் சேர்க்கிற முறையில்தான் இவருக்குக் கூடக் கிடைக்கும், நானே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்!

ஆபீஸில் போட்டது இந்த ரெண்டுமே இல்லை. வகுக்கும்போது 22, பெருக்கும்போது 19. 2,850 வெள்ளி போய் 450தான் மிச்சம்.

சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டம் குறை மாதச் சம்பளத்துக்கு (மாதம் முழுக்க வேலை பார்க்காதபோது) வேலை நாள் கணக்கைத்தான் சொல்கிறது: மாதச் சம்பளத்தை வேலை நாட்களால் வகுத்து, வேலை பார்த்த நாட்களால் பெருக்கு. வருட விடுப்பும் அப்படித்தான், முதல் வருடம் கிடைக்கும் 7 நாளும் ஓய்வு நாளுக்கும் பொது விடுமுறைக்கும் மேலே வருவது. வெள்ளிக்கிழமை முதல் திங்கள் வரை டாக்டர் எம்சி (மருத்துவச் சான்றிதழ்) கொடுத்தால், வாரம் 5 நாள் வேலை செய்பவருக்கு ரெண்டு நாள்தான் கழியும்.

சில இடத்தில் காலண்டர்தான். 16 வார மகப்பேற்று விடுப்பை ஒரே மூச்சில் எடுத்தால் வாரம் வாரமாகவே ஓடும். ஆனால் முதலாளி சம்மதித்துக் கடைசி 8 வாரத்தைப் பிரித்து எடுத்தால் அது வேலை நாளாக மாறிவிடும், 5 நாள் வேலைக்கு 40 நாள். ராஜினாமா நோட்டீஸிலும் ஞாயிறு சேரும்.

நம் ஊர்ப் பழக்கம்தான் பலரைக் குழப்புகிறது என்று நினைக்கிறேன். இந்திய மத்திய அரசு ஊழியர்களுக்கு ஈட்டிய விடுப்பின் நடுவே வரும் ஞாயிறு விடுப்பில் சேரும், தற்செயல் விடுப்பில் சேராது. முதல் பாதியை மட்டும் கேள்விப்பட்டவர்கள் இங்கே வந்தும் வாயைத் திறப்பதில்லை.

இவர் திறந்தார். சீட்டையும் மனிதவள அமைச்சின் இணையப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார், சட்டம் கிட்டம் எதுவும் பேசவில்லை, "22ஆல வகுத்தீங்கன்னா 15ஆலதானே பெருக்கணும்?" என்பதோடு சரி. பிடித்த 600 வெள்ளி அடுத்த மாதம் வந்தது, சீட்டில் 'அலவன்ஸ்' என்ற பெயரில்.